கப்பல் நிற்கும் நேரமே முதல்: லங்காவியில் வழிகாட்டி வேலைக்கு ஒரு கையேடு

பயணக் கப்பலில் லங்காவிக்கு வருகிறவர் தீவில் இரவு தங்குவதில்லை. காலையில் இறங்குவார், சாயங்காலம் ஏறிவிடுவார். நடுவில் கிடைப்பது ஆறேழு மணி நேரம். அதில் மலை பார்க்க வேண்டும், கடல் பார்க்க வேண்டும், வயிறாரச் சாப்பிட வேண்டும், சாக்லெட் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் முடித்துக் கப்பல் கதவு சாத்துவதற்குள் திரும்பியும் விட வேண்டும்.

அந்த ஆறேழு மணி நேரத்தை ஒழுங்காக நடத்தித் தரத் தெரிந்தவருக்கு அது ஒரு தொழில். சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய், பாலிங் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது எட்டாத தொழிலல்ல. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், வேலையிடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு வளர்ந்தவர்கள் நாம். லங்காவியும் கெடா மாநிலத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் நம்மில் பலர் அங்கே போயிருப்பது பள்ளிச் சுற்றுலாவுக்கோ பாத்திரம் வாங்கவோதான்.

வழிகாட்டியாகவோ வேன் ஓட்டுநராகவோ கப்பல் நாள் வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. சொந்தமாகக் கப்பலில் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான் உதவும்.

யாரிடம் வேலை?

கப்பல் நிறுவனம் உங்களுக்கு நேராகச் சம்பளம் கொடுப்பதில்லை. கரையில் இறங்கும் பயணிகளின் சுற்றுலாவை ஓர் உள்ளூர் சுற்றுலா நிறுவனம் மொத்தமாக எடுக்கும். அந்த நிறுவனம் கோச்சு, வேன், வழிகாட்டி, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும். நீங்கள் அந்த நிறுவனத்துக்கு அன்றைய நாள் கூலிக்கு வேலை செய்கிறீர்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. கப்பல் விற்கும் சுற்றுலா விலை அதிகம் என்று சொல்லி, குடும்பமாகத் தனியே இறங்கி வேன் தேடுகிறவர்கள். முன்கூட்டியே ஃபோனில் பேசி ஏற்பாடு செய்துகொள்பவர்களும் இவர்களில் உண்டு.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கப்பலே விற்ற சுற்றுலாவில் கோச்சு தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. ஆகவே தனிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது உங்கள் பொறுப்பு கூடுதல். அவர்கள் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு விமான டிக்கெட், ஹோட்டல், குடிநுழைவு அலுவலகம் என்று அவர்களுக்கு அலைச்சல். உங்களுக்கோ அதன்பிறகு பெயர் இருக்காது.

திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் காலையிலிருந்து கணக்குப் போடுவார்கள். முதலில் அங்கே, பிறகு இங்கே, நேரமிருந்தால் இன்னொன்று என்று போகும். கப்பல் வேலைக்கு அது ஒத்துவராது. கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓர் உதாரணம். கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னால் இருக்கும். 4 மணி என்று கொள்வோம். அதற்கும் முக்கால் மணி முன்னதாக, 3.15-க்கு, உங்கள் வேன் துறை வாசலில் நிற்க வேண்டும். அந்த முக்கால் மணியை எதற்காகவும் செலவழிக்காதீர்கள். டயர் வெடித்தால், மழை கொட்டினால், ஒரு பாட்டி கழிவறையில் தாமதித்தால் அதுதான் காப்பாற்றும்.

காலைப் பக்கம் வாருங்கள். கப்பல் 8 மணிக்குக் கட்டப்பட்டாலும் ஆட்கள் உடனே வெளியே வர மாட்டார்கள். அதிகாரிகளின் சோதனை முடிய வேண்டும், படிப்பாலம் இறக்க வேண்டும், கூட்டம் கலைய வேண்டும். 9 மணிக்கு முன் வேன் நகரும் என்று நம்பாதீர்கள். கப்பல் துறையில் கட்டாமல் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆளை இறக்கினால் இரண்டு பக்கமும் இன்னும் அரை மணி போகும்.

ஆக, எட்டுக்கு வந்து ஐந்துக்குப் போகும் கப்பல் ஒன்பது மணி நேரம் நிற்கிறது. உங்கள் கையில் இருப்பது ஆறு.

கடிகாரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி பின்தங்கியது. புக்கெட்டிலிருந்து வரும் கப்பல் எந்த நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, பயணியின் கைக்கடிகாரமும் உங்கள் ஃபோனும் ஒரு மணி நேரம் மாறுபடலாம். வேனில் ஏறியதும் முதல் வேலை: ‘உங்கள் கப்பல் நேரம் இப்போது என்ன?’ என்று கேட்டு, திரும்பும் நேரத்தைக் கப்பல் நேரத்திலேயே சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் பெரிதாக எழுதி முன் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள்.

மூன்று பாதை, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

கப்பல் வந்து நிற்கும் தஞ்சோங் மாலாய் துறை தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பந்தாய் சேனாங் கடற்கரை பத்து நிமிடம். குவா பட்டணம் ஏறக்குறைய அரை மணி. கேபிள் கார் நிலையம் வடமேற்கில், அதுவும் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். கிலிம் படகுத்துறை வடகிழக்கில், முக்கால் மணி. மலையும் கிலிமும் தீவின் எதிரெதிர் முனைகள். இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முடியும் என்று யாராவது விற்றால், ஆளைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றும் சுற்றுலாதான் அது.

*மலைப் பாதை.* இளம் குடும்பங்களுக்கும் முதல்முறை வருகிறவர்களுக்கும் ஏற்றது. மச்சின்சாங் மலை மேல் ஏறும் கேபிள் காரின் உச்சி நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர். பயணம் பதினைந்து நிமிடம். உச்சியில் 125 மீட்டர் நீளத்தில் வளைந்து தொங்கும் பாலம். பாலத்துக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மேலே போனபின் சொன்னால் முகம் மாறும். டிக்கெட்டை முதல் நாளே வாங்கி வையுங்கள். 9.15-க்குக் கிளம்பி, 10 மணிக்குள் வரிசையில் நின்று, 12.30-க்கு இறங்கி, சேனாங்கில் சாப்பாடும் கடற்கரையும் முடித்து 3 மணிக்குக் கிளம்பினால் கணக்கு சரி.

இந்தப் பாதையின் பலவீனம் காற்றும் இடியும். வானிலை கெட்டால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். பராமரிப்புக்காக மூடும் நாட்களும் உண்டு. கப்பல் வரும் தேதியை வைத்து முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

*சதுப்புப் பாதை.* கிலிமில் படகு. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கண்டல் காடு, வௌவால் குகை, பருந்துகள், குரங்குகள். இரண்டரை மணி நேரப் படகு போதும். 10 மணிக்கு ஏறி 12.30-க்கு இறங்கி, குவாவில் சாப்பாடு, ஜெட்டி அருகே டத்தாரான் லாங் கழுகுச் சிலை, முக்கால் மணி கடை. 2.45-க்குக் கிளம்பிவிட வேண்டும். படகில் உயிர்காப்பு உடை எல்லாருக்கும் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். குரங்குக் கூட்டம் அருகே பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்திருக்க விடாதீர்கள்.

இன்னொன்று. பருந்துகளைக் கூட்டமாக வரவழைக்கக் கோழித் தோலைக் கடலில் வீசும் பழக்கம் அங்கே இருந்து வருகிறது. பறவை வேட்டையை மறந்துவிடும் என்று இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். ‘வீச வேண்டாம் அபாங், நாங்கள் காத்திருந்து பார்க்கிறோம்’ என்று படகோட்டியிடம் ஏறும்போதே மரியாதையாகச் சொல்லுங்கள். ஏன் வேண்டாம் என்று பயணிகளுக்கு விளக்கினால் உங்கள் மதிப்பு உயரும்.

*நிதானப் பாதை.* முதியவர்கள், முட்டி வலிக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்களுக்கு. முதலில் மசூரியின் நினைவிடமான கோத்தா மசூரி, பிறகு குவாவில் மாரியம்மன் கோயில், சைவச் சாப்பாடு, கழுகுச் சிலை, கடை. நண்பகலில் கோயில் நடை சாத்திவிடும் என்பதால் 11.30-க்குள் அங்கே போய்ச் சேருங்கள். இந்தப் பாதையில் நடை குறைவு, நிழல் அதிகம், திரும்பும் நேரத்தில் பதற்றமும் இல்லை. அனுபவமுள்ள வழிகாட்டிகள் அதிகம் நம்புவது இதைத்தான்.

மூன்று மணி நேரம் மட்டுமே இருப்பவருக்கு நேர்மையான யோசனை: சேனாங் போங்கள், கடலில் கால் நனையுங்கள், அங்கேயே இருக்கும் லாமான் பாடி நெல் தோட்டத்தைப் பாருங்கள், திரும்புங்கள்.

வெள்ளிக்கிழமையும் மழையும்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி நண்பகலில் தொழுகை. ஓட்டுநரும் படகோட்டியும் மலாய்க்காரர்களாக இருந்தால் அந்த நேரத்தில் அவர்களுக்கு வேலை வைக்காதீர்கள். பயணிகள் உட்கார்ந்து சாப்பிடும் நேரம் அதுவாக இருக்கும்படி முன்பே திட்டமிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. நோன்பு மாதத்தில் பகலில் பல கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டுக்கு முன்பதிவு அவசியம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காலம். ஐரோப்பாவின் குளிர்காலமும் அப்போதுதான் என்பதால் கப்பல்களும் கூடுதலாக வரும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் லீமா விமான, கடல்சார் கண்காட்சி வாரத்தில் தீவு முழுக்க வேனும் அறையும் கிடைக்காது. 1991-இல் தொடங்கிய கண்காட்சி அது. அந்த வாரத்துக்கான வண்டியை மாதங்களுக்கு முன்பே பேசி வைப்பவர்தான் பிழைப்பார்.

வேனில் பேச வேண்டிய கதைகள்

பயணி இணையத்தில் படித்ததையே நீங்களும் சொன்னால் உங்களுக்கு எதற்குக் கூலி? ஆனால் அடிப்படைத் தகவலில் தடுமாறவும் கூடாது. இவற்றைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

லங்காவி 99 தீவுகளின் கூட்டம். கடல் வற்றும்போது இன்னும் சில தலைகாட்டும். 1987-இல் தீர்வையற்ற தீவாக ஆனது. 2007-இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா அங்கீகாரம் பெற்றது, தென்கிழக்கு ஆசியாவில் முதலாவதாக. மச்சின்சாங் மலையின் மணற்கல் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. மலேசியாவில் நாம் கால் வைக்கக்கூடிய மிகப் பழைய பாறைகளில் அது ஒன்று. தீவின் உயரமான மலை குனோங் ராயா, 881 மீட்டர். டாக்டர் மகாதீர் இளம் அரசாங்க மருத்துவராக இந்தத் தீவில் வேலை பார்த்தவர். பிரதமரானபின் தீவின் தலையெழுத்தை மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மசூரி கதையைச் சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள். பொய்ப் பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பெண். வெள்ளை இரத்தம் சிந்தி, ஏழு தலைமுறைக்குத் தீவு உருப்படாது என்று சபித்தாள் என்பது கதை. 1821-இல் சயாம் படை கெடாவைத் தாக்கியது வரலாறு. எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று நெல்லை எரித்த இடம் என்று பாடாங் மட்சிராட்டில் இன்றும் காட்டுகிறார்கள். தமிழ்ப் பயணியிடம் இதை விளக்கக் கண்ணகியை நினைவூட்டினாலே போதும், மீதியை அவரே புரிந்துகொள்வார்.

அடுத்தது கடாரம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் பெருநிலத்துப் பக்கம் குனோங் ஜெராய் தெரியும். 1,217 மீட்டர். அந்தக் காலத்துக் கப்பலோட்டிகள் அதை அடையாளமாக வைத்துக் கரை சேர்ந்தார்கள். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கும் மெர்போக் அருங்காட்சியகமும். ராஜேந்திர சோழனின் படை 1025-இல் வந்து தாக்கிய கடாரம் இந்தக் கெடா. கப்பல் நிற்கும் நேரத்தில் அங்கே போய் வர முடியாது. விரலால் சுட்டிக் காட்டி, ‘அடுத்த முறை சுங்கைப்பட்டாணியில் இரண்டு நாள் தங்குங்கள்’ என்று அழைப்பு வையுங்கள். அதுவும் வியாபாரம்தான்.

கடைசியாக உங்கள் சொந்தக் கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் கட்டாயம் கேட்பார்: ‘தம்பி, உங்களுக்கு எந்த ஊர்?’ கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய முன்னோர், ரப்பர் தோட்டத்து லயத்து வீடு, விடியலுக்கு முன் பிரட்டு, பால்மரம் வெட்டிய பாட்டி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு செம்பனை வந்து, வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது வரை. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப்பணத்தில் அனுப்புவதை நிறுத்தியதையும் சேர்த்துச் சொன்னால், நம் தாத்தாக்கள் எப்போது வந்திருக்கலாம் என்று அவருக்கே விளங்கும். மூன்று நிமிடம் போதும். எந்தக் கையேட்டிலும் இல்லாத சரக்கு இது. துக்கம் பிழியாமல், பெருமை அடிக்காமல் சொல்வது முக்கியம்.

இந்தியப் பயணிகள்: நம் பலம்

2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் வரை தங்க வசதி வந்தது. சிங்கப்பூருக்குப் பறந்து வந்து அங்கே கப்பலேறும் இந்தியக் குடும்பங்கள் நிறைய. இவர்களுக்கு என்ன வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலாவது சாப்பாடு. ‘சைவம்’ என்றால் மீன் குழம்பில் காயை மட்டும் எடுத்துப் போடுவதல்ல என்பதை உணவகத்தில் முன்பே பேசுங்கள். சிலருக்கு முட்டை ஆகாது. சமணக் குடும்பங்களுக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கும் ஆகாது. பெலாச்சான் எதிலெல்லாம் கலக்கும் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது அழைக்கும் முறை. பெரியவர்களை ஐயா, அம்மா என்று அழையுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் எடுத்தவுடனே ‘அங்கிள், ஆண்ட்டி’ என்பது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு உறுத்தும். அவர்களே அண்ணே, அக்கா என்று இறங்கி வந்தால் நீங்களும் இறங்குங்கள். மலாய் ஓட்டுநரை அபாங் என்றும், வயதானவரைப் பாக் சிக் என்றும் பயணிகள் முன்னால் மரியாதையாக அழையுங்கள். ஓட்டுநரை வழிகாட்டி எப்படி நடத்துகிறார் என்பதை வைத்தே பயணிகள் உங்களை எடைபோடுவார்கள்.

மூன்றாவது கடை. தீவில் சாக்லெட், பீங்கான் பாத்திரம், மினியாக் காமாட் எண்ணெய் மூன்றும் போகும். மது, சிகரெட் விஷயத்தில் மட்டும் எச்சரியுங்கள். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் நுழைகிறவருக்கு மதுவுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது. ‘தீர்வையற்ற தீவு’ என்ற பலகையை நம்பி வாங்கிக்கொண்டு போய்ச் சிங்கப்பூர்ச் சுங்கத்தில் மாட்டிக்கொள்கிறவர் உங்களைத்தான் திட்டுவார்.

கடை கொடுக்கும் கமிஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் அது உண்டு. ஆனால் கமிஷனுக்காகக் கடை நேரத்தை நீட்டினால், பறிபோவது பயணியின் ஆறு மணி நேரத்திலிருந்துதான். முக்கால் மணிக்கு மேல் கடை வேண்டாம்.

உரிமம் இல்லாமல் இறங்காதீர்கள்

1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாமல் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்வது குற்றம். ‘சொந்தக்காரர்களைச் சுற்றிக் காட்டுகிறேன்’ என்ற சாக்கு கூலி வாங்கும்போது எடுபடாது.

சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் வழிகாட்டிகளுக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். பொது வழிகாட்டிக்கு நீல பேட்ஜ். குறிப்பிட்ட இயற்கைத் தலங்களுக்கான வழிகாட்டிக்குப் பச்சை பேட்ஜ். லங்காவி போன்ற புவிப்பூங்காவில் பச்சைக்கும் வேலை உண்டு. ஆனால் வேறு ஊர்க் கப்பல்களுக்கும் போக நினைப்பவர் நீலத்தைத் தேடுங்கள். பயிற்சி பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும், எஸ்.பி.எம். மலாய் தேர்ச்சி கைகொடுக்கும். உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி வகுப்புகளுக்கும் போக வேண்டும்.

வேன் ஓட்ட நினைப்பவருக்குச் சாதாரண லைசென்ஸ் போதாது. பி.எஸ்.வி. உரிமம் வேண்டும். வண்டிக்கும் சுற்றுலா வாகன அனுமதி வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழிகாட்டி வேலையும் பார்ப்பதோ, வழிகாட்டி பேட்ஜோடு தன் சொந்தக் காரில் பயணியை ஏற்றுவதோ இரண்டுமே சிக்கல். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும்.

பெருநிலத்தில் இருந்துகொண்டு செய்ய முடியுமா?

கோலக் கெடாவிலிருந்து குவாவுக்கு ஃபெர்ரி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி. கோலப் பெர்லிஸிலிருந்து ஒன்றேகால் மணி. காலை முதல் ஃபெர்ரியைப் பிடித்தாலும் கப்பல் பயணிகள் இறங்கும் நேரத்துக்குத் துறைக்குப் போய்ச் சேர்வது நிச்சயமில்லை. ஆகவே முதல் நாள் மாலையே தீவில் இருக்க வேண்டும். அறை வாடகை, ஃபெர்ரிக் கட்டணம், சாப்பாடு கழித்தபின் கையில் என்ன நிற்கும் என்று ஏற்றுக்கொள்வதற்கு முன்பே கணக்குப் பாருங்கள். ஒரு கப்பலுக்காக மட்டும் கடல் தாண்டுவது பல நேரம் கட்டுப்படியாகாது.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, தீவிலேயே குடியேறி, கப்பல் இல்லாத நாட்களில் ஹோட்டலிலோ படகு நிறுவனத்திலோ வேலை பார்ப்பது. தீவில் கொமுனிட்டி கல்லூரியும் இருக்கிறது, விருந்தோம்பல் துறையில் சான்றிதழ் எடுக்கலாம்.

இரண்டாவது, சுங்கைப்பட்டாணி, கூலிம்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது: பினாங்கில் தொடங்குங்கள். ஜார்ஜ்டவுன் ஸ்வெட்டன்ஹம் துறைக்கு வரும் கப்பல்கள் லங்காவிக்கு வருவதைவிட அதிகம். இறங்கி நடந்தாலே 2008-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகரம். விடியற்காலையில் வீட்டில் புறப்பட்டுக் காலையில் துறையில் நிற்கலாம். நேரக் கணக்கு, கூட்டம் சமாளிப்பது, கதை சொல்வது மூன்றையும் அங்கே பழகிக்கொண்டு, ஒரே கப்பல் இரண்டு ஊரிலும் நிற்கும் பருவத்தில் லங்காவிக்கும் போங்கள்.

பணம், பாதுகாப்பு

கப்பல் வேலை மாதச் சம்பளம் அல்ல. ஒரு வாரம் மூன்று கப்பல் வரும், அடுத்த வாரம் ஒன்றும் வராது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ள நேரத்தில், நிலையான தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு இதில் குதிக்காதீர்கள். முதல் ஆண்டு விடுமுறை நாட்களில் மட்டும் செய்து பாருங்கள். ஒரு பருவம் முழுவதும் கிடைத்த வேலையை எழுதி வைத்தால், முழுநேரமாக இறங்கலாமா என்று அந்தக் குறிப்பேடே சொல்லும்.

சுயதொழில் செய்பவருக்கு முதலாளி இ.பி.எஃப். கட்டமாட்டார். ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே கட்டினால் அரசாங்கம் ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துத் தருகிறது. சுயதொழிலாளருக்கான சொக்சோ பாதுகாப்பும் உண்டு. படகிலும் மலையிலும் நாளைக் கழிப்பவர் இந்த இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது.

கைப்பையில் இருக்க வேண்டியவை

பயணிகளின் பெயர்ப் பட்டியல், கப்பல் முகவரின் தொலைபேசி எண், குடைகள், தண்ணீர், முதலுதவிப் பெட்டி, வாந்திப் பை, ஃபோன் சார்ஜர். கீழே இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணுங்கள், ஏற்றும்போது மறுபடி எண்ணுங்கள். கப்பல் அட்டையும் பாஸ்போர்ட் நகலும் பயணியிடம் இருக்கிறதா என்று காலையிலேயே கேளுங்கள். ஒருவர் காணாமல் போனால் வேனை நிறுத்தி எல்லாரும் தேடக் கூடாது. நீங்கள் தேடுங்கள், ஓட்டுநர் மற்றவர்களோடு துறைக்குப் போகட்டும், முகவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது மூன்று. சுற்றுலா அமைச்சின் கெடா அலுவலகத்தில் அடுத்த வழிகாட்டிப் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவரிடம் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று விசாரித்து எழுதி வையுங்கள். லங்காவிக்கு ஒருமுறை போய், மேலே சொன்ன மூன்று பாதையையும் கையில் கடிகாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். பேச்சும் கதையும் போகப் போக வரும். சொன்ன நேரத்துக்குத் திரும்பும் வழிகாட்டிக்கு அடுத்த கப்பலிலும் வேலை இருக்கும்.